ஒரே பீப்பாய், இரண்டு விலை

ஒரே பீப்பாயிலிருந்து இறங்கும் பியர்தான். ஆனால் தெருப்பக்கக் கதவு வழியாக வந்தவருக்கு ஒரு விலை, பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவருக்குப் பைன்டுக்கு ஒரு பென்னி கூடுதல். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய இங்கிலாந்தின் தொழில்நகரங்களில் பெரும்பாலான பப்களில் இதுதான் வழக்கம். அந்த ஒரு பென்னிக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால், மரத்தூள் தூவிய தரைக்குப் பதில் கம்பளம், வெற்றுப் பலகைக்குப் பதில் மெத்தை வைத்த இருக்கை, ஆளைக் கூப்பிடச் சுவரில் ஒரு மணிப் பொத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை முடித்து உடம்பெல்லாம் கரியோடு வந்தவன் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. பென்னி பெரும்பாலும் இதற்காகத்தான்.

பழைய பப் என்றதும் நம் பயணக்கட்டுரையாளர்களுக்கு ஒரு பரவசம் வந்துவிடுகிறது. கணப்படுப்பு, கருத்த மரத்தூண்கள், பித்தளைக் குழாய், முன்பின் தெரியாதவரிடமும் பேச்சுக் கொடுக்கும் கிழவர். நூறாண்டுகளாக அந்த வட்டாரத்து மனிதர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இப்படித்தான் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது போல ஒரு சித்திரம். எனக்கும் அந்தக் கலகலப்பு பிடிக்கும். பசியோடு போய் அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவதைப் போல ஒரு சுகம் குறைவு. ஆனால் அந்தச் சித்திரம் பொய். அந்த அறை ஒரே அறையாக இருந்ததே இல்லை.

பர்மிங்காம் நியூடவுனில் பார்ட்டன்ஸ் ஆர்ம்ஸ் என்று ஒரு பப் இருக்கிறது. 1901இல் கட்டியது. சுற்றியிருந்த தெருக்களை எல்லாம் இடித்துச் சாலை போட்டுவிட்டதால் இப்போது ஒரு தனித்த கோட்டையைப் போல நிற்கிறது. உள்ளே மின்டன் ஹாலின்ஸ் நிறுவனத்தின் ஓடுகளைச் சுவர் முழுக்கப் பதித்திருக்கிறார்கள். நீலமும் பழுப்புமாக, ஏதோ அரண்மனைக் குளியலறைக்குள் வந்துவிட்டதுபோல இருக்கும். வருகிறவர்கள் ஓடுகளைப் படம் எடுக்கிறார்கள். நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றது கவுண்டருக்கு மேலே தலை உயரத்தில் இருந்த சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகளை. பூவேலை செய்த மங்கலான கண்ணாடி, நடுவில் அச்சு வைத்துச் சுழலும். சலூன் பக்கத்துக் கனவான் அதை லேசாகத் திருப்பி, கையை நீட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டு மறுபடி மூடிவிடுவார். பரிமாறுகிறவருக்கும் எதிர்ப்பக்கம் நிற்கும் தொழிலாளிக்கும் அவர் முகம் தெரியாது. இவ்வளவு அழகான கைவேலையை ஆளை ஆள் பார்க்காமலிருப்பதற்காகச் செய்திருக்கிறார்கள்.

பப்ளிக் பார், சலூன், லவுஞ்ச், ஸ்னக், மிட்லண்ட்ஸ் பகுதியில் கூடுதலாக ஸ்மோக் ரூம், வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு தனி ஜன்னல். ஒரு சிறிய கட்டடத்துக்குள் இத்தனை. 1930களின் இறுதியில் மாஸ் அப்சர்வேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் போல்ட்டன் நகரத்துப் பப்களில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு குடிக்கிறார், எங்கே துப்புகிறார் என்பதுவரை குறித்துவைத்தார்கள். 1943இல் அது புத்தகமாக வந்தது. வீடும் வேலையிடமும் நீங்கலாக, அந்த ஊரில் அதிகம் பேர் அதிக நேரம் இருந்த இடம் பப்தான் என்பது அதன் கண்டுபிடிப்புகளில் ஒன்று. தேவாலயம், சினிமாக் கொட்டகை எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஆனால் அதே ஆய்வு, வால்ட் எனப்பட்ட அறையில் பெண் கால்வைக்க முடியாது என்பதையும் சொல்கிறது. அறைக்கு அறை விலை மாறியதையும் சொல்கிறது.

ஜார்ஜ் ஆர்வெல் 1946 பிப்ரவரியில் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகைக்குத் தன் மனதுக்குப் பிடித்த பப்பைப் பற்றி எழுதினார். 'தி மூன் அண்டர் வாட்டர்' அதன் பெயர். கடைசியில் அப்படி ஒரு பப்பே கிடையாது, எல்லாம் கற்பனை என்று முடித்துவிடுவார். இன்றைக்கும் பப் பற்றி எழுதுகிறவர்கள் தொட்டுக் கும்பிடும் கட்டுரை அது. அதில் இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. ஒன்று, ஆர்வெலின் கனவுப் பப்பில் இரவுச் சாப்பாடு கிடையாது. ஈரல் சாசேஜ் வைத்த சாண்ட்விச், மஸல் சிப்பி, பாலாடைக்கட்டி, ஊறுகாய் அவ்வளவுதான். மதியம் மாடிக்குப் போனால் இறைச்சித் துண்டும் காய்கறியுமாக ஒரு சாப்பாடு. இரண்டு, அந்த மனிதர் சோஷலிசம் பேசியவர். அவர் கனவிலும் பப்ளிக் பார் தனி, சலூன் தனி, பெண்களுக்கு ஓர் அறை தனி. சுவர் அவ்வளவு இயல்பாகிப்போயிருந்தது. கனவு காண்கிறவர்கூட அதை இடிக்க நினைக்கவில்லை.

வர்க்கத்துக்காகக் கட்டிய சுவர் நிறத்துக்கும் வசதியாகப் போயிற்று.

1950களில் பஞ்சாபிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். போரில் நொறுங்கிய நாட்டைக் கட்டுவதற்குக் கை தேவைப்பட்டது. பர்மிங்காமுக்கு மேற்கே ஸ்மெத்விக், வெஸ்ட் ப்ராம்விச், டட்லி என்று நீளும் பகுதியை ப்ளாக் கன்ட்ரி என்பார்கள். நிலக்கரியும் இரும்பும் புகையுமாக இருந்த பூமி. அங்கிருந்த பவுண்டரிகளில் மிகச் சூடான, மிக அழுக்கான வேலைகள் இவர்களுக்கு வந்தன. உருகிய உலோகத்தின் முன்னால் எட்டுப் பத்து மணிநேரம் நின்றவனுக்குத் தொண்டை எப்படி வறளும் என்று கோயம்புத்தூர்ப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஷிப்ட் முடிந்ததும் கூட வேலை செய்த வெள்ளைக்காரன் போகும் பப்புக்கே இவனும் போனான். சில இடங்களில் வாசலிலேயே நிறுத்தினார்கள். சில இடங்களில் பப்ளிக் பாரில் நிற்கலாம், ஸ்மோக் ரூமிலும் லவுஞ்சிலும் உட்காரக் கூடாது என்றார்கள். புதிதாக எதுவும் கட்டவேண்டியிருக்கவில்லை. சுவர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன.

இதைச் சட்டம் தடுக்கவில்லையா? இங்கேதான் ஒரு விசித்திரம். பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி, வழிப்போக்கர்களுக்குத் தங்க இடம் தரும் சத்திரக்காரர் தக்க காரணமில்லாமல் யாரையும் திருப்பியனுப்ப முடியாது. மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனை 1943இல் லண்டன் ஹோட்டல் ஒன்றில் தங்கவிடாமல் நிறத்தைக் காட்டி வெளியேற்றினார்கள். அமெரிக்கப் படையினர் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பிடிக்காது என்பது காரணம். அவர் வழக்குப் போட்டு 1944இல் ஜெயித்தார். நீதிமன்றம் அளித்த இழப்பீடு ஐந்து கினி. தொகை சிறியது, தீர்ப்பு பெரியது. ஆனால் அந்தக் கடமை தங்குமிடம் தரும் சத்திரத்துக்கு மட்டும்தான். வெறுமனே குடிக்க ஊற்றித் தரும் பப்புக்குக் கிடையாது. பப்காரர் தனக்குப் பிடிக்காதவரை, காரணமே சொல்லாமல், வெளியே போ என்று சொல்லலாம். வட்டாரத்தின் பொது அறை என்று எல்லோரும் கொண்டாடும் இடம், சட்டத்தின் கண்ணில் ஒருவருடைய வீட்டு முன்கூடம்.

1964 பொதுத்தேர்தலில் நாடு முழுக்கத் தொழிற்கட்சியின் பக்கம் காற்று அடித்தபோது, ஸ்மெத்விக்கில் அதற்கு எதிராகக் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பீட்டர் கிரிஃபித்ஸ் வென்றார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மேல் வெறுப்பைக் கிளப்பி நடந்த தேர்தல் அது. அப்போது அந்த ஊரில் ஓடிய கோஷம் அச்சில் ஏற்றத் தகாதது. மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை நகரசபையே வாங்கி வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு மட்டும் வாடகைக்கு விடவேண்டும் என்று ஒரு திட்டமும் போட்டார்கள். லண்டனில் இருந்த வீட்டுவசதி அமைச்சர் ரிச்சர்டு கிராஸ்மன் அதற்கு இடம் தரவில்லை.

இந்த ஊருக்குத்தான் 1965 பிப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் வந்தார். இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோஹல் அவருக்கு மார்ஷல் தெருவைக் காட்டினார். பிறகு ப்ளூ கேட்ஸ் என்ற பப்புக்கு அழைத்துப்போனார். அங்கே ஸ்மோக் ரூமில் இவர்களுக்கு இடமில்லை என்றார்கள். பப்ளிக் பாரில் நின்றார்கள். மால்கம் எக்ஸ் மது தொடாதவர். குடிக்காத ஒரு மனிதர், குடிக்கும் இடத்தில் உட்காரும் உரிமைக்காகப் போய் நின்றார் என்பது எனக்கு அந்த நாளின் சாரமாகத் தோன்றுகிறது. ஒன்பதே நாளில், பிப்ரவரி 21 அன்று, நியூயார்க்கில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். மார்ஷல் தெருவில் அவர் நினைவாக இப்போது ஒரு நீலப் பலகை இருக்கிறது.

அவர் வந்துபோனதைப் படமும் பலகையுமாக நினைவில் வைத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் எனக்கு அதைவிட மதிப்பாகப் படுவது ஜோஹலும் தோழர்களும் ஆண்டுக்கணக்கில் செய்த சின்ன வேலை. பர்மிங்காம் பல்கலைக்கழக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பப் பப்பாகப் போவார்கள். வெள்ளைக்கார மாணவர் போய்க் கேட்டால் பியர் வரும். பின்னாலேயே பஞ்சாபித் தொழிலாளி போய்க் கேட்டால் வராது. சாட்சி கையில் கிடைத்தது. உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் நீதிபதி முன்னால் போய் ஆட்சேபம் தெரிவிப்பார்கள். வீரதீரம் எதுவும் இல்லை. மாலை நேரங்களைக் கெடுத்துக்கொண்டு, அவமானப்படப்போகிறோம் என்று தெரிந்தே கதவைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. பிரிஸ்டல் நகரத்தில் பால் ஸ்டீஃபன்சன் 1964இல் பே ஹார்ஸ் என்ற பப்பில் வெளியே போகச் சொல்லியும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். கைது செய்தார்கள். வழக்கு நிற்கவில்லை.

1965 இறுதியில் முதல் இன உறவுச் சட்டம் நிறைவேறியது. பொதுமக்கள் புழங்கும் இடங்களில் நிறத்தைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது. உணவகம், பப், சினிமாக் கொட்டகை, பேருந்து எல்லாம் அதில் அடக்கம். வீடும் வேலையும் அதற்குள் வர 1968 ஆயிற்று. உறுப்பினர்களுக்கு மட்டும் மது ஊற்றிய தொழிலாளர் மன்றங்கள் இன்னும் நழுவின. பிரெஸ்டன் நகரத் துறைமுகத் தொழிலாளர் மன்றம் ஒன்று நிறத்துக்காக ஆளைத் தடுத்த வழக்கில், 1974இல் நாட்டின் உச்ச நீதிமன்றமாக அப்போதிருந்த பிரபுக்கள் சபை மன்றத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அது உறுப்பினர்களுக்கான தனியிடம், பொது இடம் அல்ல என்பது வாதம். 1976 சட்டம்தான் அந்த ஓட்டையை அடைத்தது. பெண்களுக்கோ, லண்டன் ஃப்ளீட் தெருவின் எல் வீனோவில் கவுண்டர் அருகே நின்று ஒரு கோப்பை வாங்குவதற்கு 1982வரை மேல்முறையீட்டு நீதிமன்றம் போகவேண்டியிருந்தது.

இரட்டைக் குவளையைத் தேநீர்க்கடைகளில் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் எதையும் விளக்கவேண்டியதில்லை. ஒரே பாய்லர், இரண்டு குவளை. ஒரே பீப்பாய், இரண்டு அறை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நிறத்தடையை எதிர்த்துப் போராடிய அதே புலம்பெயர் சமூகத்தோடு சாதியும் போயிருந்தது. ரவிதாசியருக்கு ஒரு வழிபாட்டிடம், ராம்கடியாக்களுக்கு ஒரு குருத்வாரா என்று இங்கிலாந்திலும் பிரிந்துதான் நின்றார்கள். வாசலில் நிறுத்தப்பட்டவன் தன் வாசலில் இன்னொருவனை நிறுத்துவதில்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இனி சாப்பாட்டுக்கு வரலாம்.

1970களின் பிற்பகுதியிலிருந்து ப்ளாக் கன்ட்ரியின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஷிப்ட் முடிந்து வருகிறவன் இல்லை என்றால் பப்பில் என்ன இருக்கும்? வெள்ளைக்காரக் குடும்பங்கள் வேறு இடங்களுக்குப் போயின. மதுபான நிறுவனங்கள் ஓடாத பப்களைக் கைகழுவிவிடக் காத்திருந்தன. அந்தச் சமயத்தில் வேலையிழந்த, அல்லது கையில் கொஞ்சம் சேர்த்துவைத்திருந்த பஞ்சாபிகளும் குஜராத்திகளும் அவற்றைக் குத்தகைக்கு எடுத்தார்கள். உள்ளே விடமாட்டோம் என்று சொன்ன கவுண்டருக்குப் பின்னாலேயே போய் நின்றார்கள். முதலில் தங்கள் ஆட்களுக்காகப் பின்கட்டில் கொஞ்சம் கோழி வறுத்தார்கள். வாசனை முன்கட்டுக்கு வந்தது. மீதியை நீங்கள் ஊகிக்கலாம்.

தேசி பப் என்று இவற்றுக்கு இப்போது பெயர் நிலைத்துவிட்டது. 2023இல் டேவிட் ஜேசுதாசன் என்ற பத்திரிகையாளர் இதே தலைப்பில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். அதை வெளியிட்டது மரபான பியரைக் காக்க 1971இல் தோன்றிய கேம்ரா அமைப்பு. பியர்ப் பக்தர்களின் சபை அது. அவர்களே சீக் கபாப்புக்கு ஒரு புத்தகம் போட்டுவிட்டார்கள் என்றால் விவாதம் முடிந்துவிட்டது என்றுதான் பொருள்.

வெஸ்ட் ப்ராம்விச் பக்கம் நான் சாப்பிட்ட பப் வெளியே பார்க்க ஒன்றுமே இல்லாத செங்கல் கட்டடம். உள்ளே நுழைந்தால் முதலில் முகத்தில் அடிப்பது புகை. சிகரெட் புகை அல்ல. 2007 ஜூலை 1இலிருந்து அது கிடையாது. கரியில் கொழுப்புச் சொட்டும் புகை. கவுண்டரில் ஒரு பக்கம் பியர்க் குழாய்கள், அதற்கு எதிரே கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கிரில்லில் ஒருவர் கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். மேசைக்கு வந்து யாரும் கேட்கமாட்டார்கள். நாமே போய்ச் சொல்லி, காசைக் கட்டி, எண் சீட்டை வாங்கிக்கொண்டு வரவேண்டும். சுவரில் எங்கும் மணிப் பொத்தான் இல்லை.

மிக்ஸ்டு கிரில் வரும்போது சத்தம்தான் முதலில் வரும். பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் நறுக்கிய வெங்காயத்தைப் பரப்பி, அதன் மேல் கோழி டிக்கா, இறக்கைத் துண்டுகள், சீக் கபாப், ஆட்டு விலா, சில இடங்களில் மீன் பக்கோடாவும். ஓரத்தில் எலுமிச்சை. பரிமாறுகிறவர் அதை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தால் புகையும் சீறலுமாகத் தேர் வருவதுபோல எல்லோரும் விலகி வழிவிடுகிறார்கள். வெங்காயம் அடியில் கருகிக் கொழுப்பை எல்லாம் குடித்துக்கொண்டு கிடக்கும். இறைச்சியை முடித்துவிட்டுக் கடைசியில் நானைக் கிழித்து அந்த வெங்காயத்தை வழித்துச் சாப்பிடுவதற்காகவே மறுபடி போகலாம். புதினாச் சட்னி என் நாக்குக்குக் கொஞ்சம் இனிப்பு. பஞ்சாபியர்களோடு அந்தச் சண்டையை நான் போடவில்லை.

பக்கத்து மேசையில் உள்ளூர்க் காற்பந்துக் குழுவின் நீல வெள்ளைக் கோடிட்ட சட்டையில் வெள்ளைக்காரக் கிழவர்கள். ஒவ்வொருவரும் கையால் ஆட்டு விலாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவான வெஸ்ட் ப்ராம்விச் அல்பியனின் ஹாதோர்ன்ஸ் மைதானத்துக்கு அருகே உள்ள தேசி பப்களில் ஆட்ட நாளில் நிற்க இடம் இருக்காது. 1970களின் இறுதியில் இதே அல்பியனுக்குத்தான் சிரில் ரெஜிஸ், லாரி கன்னிங்ஹாம், பிரெண்டன் பேட்சன் என்ற மூன்று கறுப்பின வீரர்கள் சேர்ந்து ஆடினார்கள். எதிரணி ரசிகர்கள் அவர்கள்மேல் வாழைப்பழம் வீசினார்கள். அந்தக் கிழவர்கள் அப்போது இளைஞர்களாக எந்தப் பக்கத்தில் நின்றிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவர்களில் ஒருவர் என் தட்டைப் பார்த்து, மிளகாயை எடுத்து ஓரமாக வை, அது ஏமாற்றும் என்று எச்சரித்தார். எனக்கு! தமிழனுக்கு மிளகாய் எச்சரிக்கை கொடுக்கும் அளவுக்கு அந்தச் சமையல் அவருடையதாகிவிட்டது.

இன்னொரு மூலையில் ஒரு குடும்பம். பாட்டி, மருமகள், உயர நாற்காலியில் குழந்தை. ஊரிலிருந்து போகிறவர்கள் இதில்தான் திகைப்பார்கள். 2003இலிருந்து அரசே சில்லறையில் மது விற்கும் மாநிலத்தவர் நாம். டாஸ்மாக் பாருக்குப் பாட்டியைக் கூட்டிப்போவதை எண்ணிப் பார்க்க முடியுமா? இங்கிலாந்திலும் இது நேற்றுவந்த பழக்கம்தான். 1908 குழந்தைகள் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை மது ஊற்றும் அறைக்குள் விடக் கூடாது என்று சொன்னது. தேசி பப்களும் தொடக்கத்தில் ஆண்களின் கோட்டைதான். மனைவிமார் வீட்டில் இருந்தார்கள். சாப்பாட்டின் பெயரால்தான் பெண்களும் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். கூட்டம் மாறியதும் பேச்சும் மாறியது, சண்டையும் குறைந்தது. பப்பைத் திருத்தப் பிரசங்கம் செய்த மதுவிலக்கு இயக்கத்தால் முடியாததை ஒரு தட்டுக் கோழி செய்தது.

சாப்பாடு வந்ததும் பப் கெட்டுவிட்டது என்று ஒரு கட்சி உண்டு. லண்டன் கென்சிங்டனில் சர்ச்சில் ஆர்ம்ஸ் 1988இல் தாய்லாந்துச் சாப்பாடு போட ஆரம்பித்தது. 1991இல் ஃபாரிங்டனில் ஈகிள் என்ற பப் நல்ல உணவகத்துக்கு ஈடான சமையலைப் பலகையில் எழுதிப்போட்டது. கேஸ்ட்ரோபப் என்ற வகையே அங்கிருந்து கிளம்பியது. அதற்கு முன்னால் பப்பில் பசித்தால் பெரும்பாலும் உருளைக்கிழங்குச் சிப்ஸ், வினிகரில் ஊறிய முட்டை, பன்றித்தோல் வறுவல், பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. உழவர் சாப்பாடு என்று பாரம்பரியம் கொண்டாடும் பாலாடைக்கட்டி, ரொட்டி, ஊறுகாய்த் தட்டேகூட 1960களில் பால் விற்பனை வாரியம் விளம்பரம் செய்து பரப்பியதுதான். ஆகவே தொன்மையைப் பற்றி ரொம்பவும் நெகிழவேண்டியதில்லை.

ஆனால் கேஸ்ட்ரோபப் மீது எனக்கு வேறு மனக்குறை. அங்கே பழைய நடுச்சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கிவிட்டார்கள், பார்க்க விசாலமாக இருக்கிறது. வாசலில் ஒரு பெண் கையேட்டை வைத்துக்கொண்டு, முன்பதிவு உண்டா என்று சிரித்த முகத்தோடு கேட்கிறார். ஆட்டுக்கறித் தட்டின் விலை அந்தத் தெருவில் குடியிருக்கும் பேருந்து ஓட்டுநரின் அரைநாள் கூலியாக இருக்கிறது. யாரையும் தடுக்கவில்லை, யாரும் வரலாம். பப்ளிக் பாரை சலூன் விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். தேசி பப்பில் நடந்தது நேர்மாறு. அங்கே பப்ளிக் பார் பரந்து சலூனையும் ஸ்மோக் ரூமையும் எடுத்துக்கொண்டது. பழமையான பப்பின் கலகலப்பு என்று எதைச் சொல்கிறோமோ அது இன்றைக்கு அசல் வடிவில் இருப்பது, ஓடு பதித்த அரண்மனைகளில் அல்ல, இந்த இரும்புத் தட்டுப் புகையில்தான் என்று நான் துணிந்து சொல்வேன். அந்தக் கலகலப்பு பரம்பரையாக வந்ததல்ல. உள்ளே விடமாட்டேன் என்றவனிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது.

கட்டடத்தைக் காப்பாற்ற இங்கிலாந்தில் நல்ல சட்டம் இருக்கிறது. லண்டன் மேய்டா வேலில் கார்ல்ட்டன் டேவர்ன் என்ற பப், 1920களின் தொடக்கத்தில் கட்டியது. அந்தத் தெருவில் ஜெர்மானியக் குண்டுவீச்சுக்குத் தப்பியது அது ஒன்றுதான். 2015 ஏப்ரலில், பாதுகாக்கவேண்டிய கட்டடமாக அறிவிக்கலாமா என்று ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு யோசித்துக்கொண்டிருந்தபோதே, உரிமையாளர் அனுமதியின்றி இடித்துத் தள்ளினார். வட்டாரவாசிகள் விடவில்லை. பழையபடியே செங்கல் செங்கலாகக் கட்டித்தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. 2021 ஏப்ரலில் அது மறுபடி திறந்தது. இதே ப்ளாக் கன்ட்ரியின் ஓரத்தில், ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றதற்காகவே பேர்போன க்ரூக்கட் ஹவுஸ் 2023 ஆகஸ்டில் தீப்பிடித்து எரிந்து, இரண்டு நாளில் இடிபட்டது. அதையும் திருப்பிக் கட்ட உத்தரவிட்டிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் செங்கல்லுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. யார் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பது எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

விதிவிலக்கு ஒன்று தெரியும். வெஸ்ட் ப்ராம்விச்சின் ஆல் செயின்ட்ஸ் வே சாலையில் ரெட் லயன் என்ற தேசி பப்பில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஸ்டீவன் கார்ட்ரைட் என்ற கலைஞர் செய்தது. தேவாலயத்துக் கண்ணாடியில் புனிதர்கள் நிற்கும் பாணியில், இங்கே பவுண்டரித் தொழிலாளிகளின் கதையும் அவர்கள் உரிமை கேட்டு நின்ற கதையும். அவ்தார் சிங் ஜோஹல் 2022இல் காலமானார். பவுண்டரியில் வேலை பார்த்தவர். 2000இல் அரசு அவருக்கு ஓபிஇ விருது தந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெள்ளிக்கிழமை மாலையும் அல்பியன் சொந்த மைதானத்தில் ஆடும் நாளும் தவிர்த்துப் போங்கள், அல்லது சீக்கிரம் போய்விடுங்கள். மிக்ஸ்டு கிரில் ஒன்று இருவருக்குத் தாராளம். குடிக்காதவர்கள் தயங்கவேண்டாம், மாம்பழ லஸ்ஸி பல இடங்களில் கிடைக்கும். காசை முதலிலேயே கவுண்டரில் கட்டிவிட்டு உட்காருங்கள். எந்த இடம் காலியாக இருக்கிறதோ அங்கே.